வகுப்பில் பல மொழி, பல இனப் பிள்ளைகள்: எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினால் போதாதா?

கலிஃபோர்னியாவில் ஆசிரியர் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். பயிற்சிக்காக அவர் போகும் நான்காம் வகுப்பில் வீட்டில் ஸ்பானிஷ், மோங் (லாவோஸ் பகுதியிலிருந்து வந்த ஒரு மக்களின் மொழி), பஞ்சாபி, அரபு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் உண்டு. "எனக்குத் தமிழும் ஆங்கிலமும்தான் தெரியும். நான் யாரிடமும் பாகுபாடு பார்ப்பதில்லை, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன். அது போதாதா? போதாதென்றால், இத்தனை பண்பாடுகளையும் நான் எப்போது படித்து முடிப்பது?" என்பது அவர் கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில்: போதாது. இரண்டாவதற்கு: படித்து முடிக்க வேண்டியதில்லை, அப்படிப் படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைவது சில சமயம் கெடுதலாகவே முடியும். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

"ஒரே மாதிரி நடத்துகிறோம்" என்ற வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற வாதம். 1970களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் 2,800 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் சுமார் 1,000 பேருக்குத் துணை வகுப்பு கிடைத்தது. மற்ற 1,800 பேர் ஒன்றும் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டபோது, எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர்தானே தருகிறோம் என்றது பள்ளி நிர்வாகம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு சாதக பாதகங்களோடுதான் வருகிறது, அதற்குப் பள்ளி என்ன செய்யும் என்று கேட்டது. 1974 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஒரே வசதி, ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் என்று கொடுத்துவிட்டதால் மட்டும் சமமாக நடத்தியதாகிவிடாது, ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு அங்கே கல்வியே மறுக்கப்படுகிறது என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்ற இந்த வழக்கு உங்கள் பாடத்திலும் வரும். தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

எந்த முறையில் கற்பிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் அடுத்த 50 ஆண்டு அரசியலும் புகுந்தது. 1981இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் (காஸ்டன்யேடா வழக்கு) மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று அளவுகோல்களைத் தந்தது. பள்ளியின் திட்டத்துக்கு அறிவார்ந்த அடிப்படை இருக்க வேண்டும். அதை நடத்த ஆளும் பொருளும் ஒதுக்கியிருக்க வேண்டும். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் பலன் தெரிய வேண்டும். இன்றும் நடைமுறையில் இதுதான் அடிப்படை. உங்கள் மாநிலத்தில் 1998இல் 227ஆம் முன்மொழிவை மக்கள் நேரடி வாக்கெடுப்பில் 61 விழுக்காடு வாக்குகளோடு நிறைவேற்றி, இருமொழி வகுப்புகளைப் பெருமளவு ஒடுக்கினார்கள். பொதுவாக ஓராண்டு ஆங்கிலத் தயாரிப்பு போதும், பிறகு வழக்கமான வகுப்பு என்றார்கள். 2016இல் 58ஆம் முன்மொழிவு வந்து, 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆதரவோடு அதை நீக்கியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த இரண்டு வாக்கெடுப்புகளுக்கு நடுவில் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார்கள்.

அந்த 'ஓராண்டு' ஏன் அபத்தம் என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் அன்றாட வேலை பாதி தெளிவாகிவிடும். கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் வலியுறுத்திவரும் வேறுபாடு இது. விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடநூலைப் படிக்கவும் காரண காரியத்தோடு எழுதவும் வேண்டிய ஆங்கிலத்தில் வகுப்புத் தோழர்களை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் ஆசிரியர்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். 'நன்றாகத்தானே பேசுகிறான், அப்புறம் ஏன் பத்தி எழுத வரவில்லை? சோம்பேறி' என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டுப் பொறியியல் கல்லூரியின் முதல் பருவத்தில் திணறும் பிள்ளைகளைப் பார்த்த நமக்கு இது விளங்காத விஷயமில்லை. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் என்று வகைப்படுத்தப்பட்ட பிள்ளைகள் சுமார் 50 லட்சம் பேர், அதாவது பத்தில் ஒருவர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினரின் வீட்டுமொழி ஸ்பானிஷ்.

ஆகவே உங்கள் பாடத்துக்குள் ஒளிந்திருக்கும் மொழியை முதலில் தேடுங்கள். கணக்கில் 'டேபிள்' என்றால் மேசையில்லை, 'ஈவன்' என்றால் சமதளமில்லை. எட்டுக்கும் ஐந்துக்கும் 'டிஃபரன்ஸ்' என்ன என்று கேட்டால், ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை என்று ஒரு பிள்ளை சொல்லக்கூடும். அது தவறான கணக்கில்லை, வேறு கேள்விக்கான சரியான பதில். ஸ்பானிஷ் தெரிந்த பிள்ளைக்கு 'டிரையாங்கிள்', 'ஃபோட்டோசிந்தசிஸ்' போன்ற சொற்கள் ஏறக்குறைய அதே வடிவில் வீட்டுமொழியிலும் இருப்பதால் எட்டிப் பிடித்துக்கொள்வான். மோங் பேசும் பிள்ளைக்கு அந்த ஏணி கிடையாது. ஒரே வகுப்பில் ஒரே பட்டியலில் இருக்கும் இந்த இருவருக்கும் வேண்டிய உதவி வேறு.

வீட்டுமொழியை வகுப்பிலிருந்து துரத்தாதீர்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பஞ்சாபிப் பிள்ளைகள் கணக்கைப் பஞ்சாபியில் விவாதித்துவிட்டு விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும். முதல் வரைவை ஸ்பானிஷில் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்கு வருவதும் எழுத்துப் பயிற்சிதான். 'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் ஆசிரியர்களை இன்றும் பார்க்கிறேன். அரைகுறை ஆங்கிலத்தில் பேசும் தாயைவிட, முழுமையான மோங்கில் கதை சொல்லும் தாயிடமிருந்து பிள்ளை அதிக மொழி கற்கும். மயாமியின் கோரல் வே பள்ளியில் 1963லேயே கியூபா அகதிகளின் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் இரண்டு மொழிகளிலும் பாடம் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். புதிய கண்டுபிடிப்பு எதுவும் இதில் இல்லை.

கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேள்வியில் ஒரு வரி மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அவர்கள் ஆங்கிலம்தானே பேசுகிறார்கள், மொழிச் சிக்கல் இல்லை என்று எண்ணியிருப்பீர்கள். 1979இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் நடந்தது இதுதான். வசதியான, பெரும்பாலும் வெள்ளையர் படித்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு அருகிலிருந்த குறைந்த வாடகைக் குடியிருப்பிலிருந்து கறுப்பினப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். படிப்பில் பின்தங்கிய அவர்களில் சிலரைக் கற்றல் குறைபாடுள்ளவர்கள் என்று பள்ளி முத்திரை குத்தியது. 11 பிள்ளைகள் சார்பில் வழக்கு நடந்தது. வில்லியம் லபோவ் போன்ற மொழியியலாளர்கள் சாட்சி சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டுமொழி கொச்சை ஆங்கிலமில்லை, தனக்கென்று இலக்கணம் உள்ள வழக்கு என்பது அவர்கள் வாதம். 'ஷி வொர்க்கிங்' என்றால் இப்போது வேலையில் இருக்கிறாள். 'ஷி பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவள். பொது ஆங்கிலத்தில் கூடுதல் சொல் போட்டுச் சொல்ல வேண்டிய இந்த வேறுபாட்டை அந்த வழக்கு ஒரே வினைச்சொல்லில் வைத்திருக்கிறது. பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தால், அது பொருள் புரிந்துதான் வாசிக்கிறது என்பதே ஆசிரியருக்குத் தெரியாமல் போகும். நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் பள்ளி மீது பழி போட்டதோடு நிற்காமல், இந்த வீட்டுமொழியை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் தரும்படி உத்தரவிட்டார்.

1996 டிசம்பரில் ஓக்லாந்து பள்ளி வாரியம் ஏறக்குறைய இதே நோக்கில் ஒரு தீர்மானம் போட்டபோது, ஆங்கிலத்துக்குப் பதில் தெருப்பேச்சைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்று நாடே கேலி செய்தது. தீர்மானத்தின் வாசகமும் குழப்பமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மூலக் கருத்து சரி. வீட்டுமொழியைத் தெரிந்துகொண்டு பொது ஆங்கிலத்தைக் கற்பிப்பது ஒன்று, வீட்டுமொழியை இழிவுபடுத்திப் பொது ஆங்கிலத்தைத் திணிப்பது வேறு. பொது ஆங்கிலத்தைக் கற்பிக்காமலே அனுதாபத்தோடு விட்டுவிடுவது மூன்றாவது வகை. மூன்றிலும் கொடுமையானது அதுதான் என்று நான் சொல்வேன். கறுப்பினப் பிள்ளைகளை வெற்றிகரமாகக் கற்பித்த ஆசிரியர்களை ஆராய்ந்த குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் முன்வைத்த கருத்தில், பிள்ளை தன் பண்பாட்டில் ஊன்றி நிற்பதும் சமூக அநீதியைக் கேள்வி கேட்பதும் எவ்வளவு முக்கியமோ, பாடத்தில் தேர்ச்சி பெறுவதும் அவ்வளவு முக்கியம். பலர் முதல் இரண்டைப் பேசிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள்.

முத்திரை குத்துவது பற்றி இன்னொன்று. 1970இல் உங்கள் மாநிலத்திலேயே, மான்டரே மாவட்டத்தின் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் ஒன்பது பேர் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான வகுப்பில் போடப்பட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் வைத்த நுண்ணறிவுத் தேர்வுதான் அதற்கு ஆதாரம். ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வகுப்பில் பேசுவதற்கும் கேட்பதற்கும் கற்றுக்கொள்வதற்கும் ஒவ்வொரு சமூகத்திலும் சொல்லப்படாத வழக்கங்கள் உண்டு. ஒரேகானின் வார்ம் ஸ்பிரிங்ஸ் பூர்வகுடிப் பிள்ளைகளைக் கவனித்த சூசன் பிலிப்ஸ், ஆசிரியர் ஒருவரைச் சுட்டி எழுப்பி எல்லோர் முன்னும் பதில் கேட்டால் அவர்கள் வாய்திறப்பதில்லை, சிறு குழுவாக ஒரு வேலையைக் கொடுத்தால் தாங்களே நடத்திக்கொள்கிறார்கள் என்று கண்டார். அவர்கள் வீட்டில் கற்பது பார்த்துப் பார்த்து, தனியாகச் செய்து பழகி, கை வந்தபிறகு காட்டுவது. தவறு செய்து செய்து எல்லோர் எதிரிலும் கற்கும் வகுப்பறை அவர்களுக்கு அந்நியம். கரோலினாவின் நெசவாலைப் பகுதிகளில் ஆராய்ந்த ஷெர்லி பிரைஸ் ஹீத், டிராக்டன் என்று தாம் புனைபெயரிட்ட கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், தமக்கு விடை தெரிந்த கேள்வியைப் பெரியவர்கள் குழந்தையிடம் கேட்பதே அபூர்வம் என்று கண்டார். பள்ளியில் ஆசிரியர் சிவப்புப் பந்தைக் காட்டி 'இது என்ன நிறம்?' என்கிறார். கண்ணிருந்தும் இவர் ஏன் கேட்கிறார் என்று பிள்ளை விழிக்கிறது; நிறம்கூடத் தெரியவில்லை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். அங்கிருந்த ஆசிரியர்கள் 'இந்தப் படத்தில் என்ன நடக்கிறது, உனக்கு இப்படி நடந்ததுண்டா' என்று கேட்கத் தொடங்கியபின் பிள்ளைகள் பேசினார்கள். பள்ளிக்கே உரிய கேள்வி முறையையும் பிறகு வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் படித்ததும் நமக்கு ஒரு அட்டவணை போடத் தோன்றும்: பூர்வகுடியா, குழுவாக உட்காரவை, ஆசியரா, அமைதியாக இருப்பார், விட்டுவிடு. இங்கேதான் ஹவாயும் அரிசோனாவும் உதவிக்கு வருகின்றன. ஹொனலூலுவின் கமேஹமேஹா பள்ளிகள் 1970களில், வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த ஹவாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டத்தை உருவாக்கின. வீட்டில் அவர்கள் கதை பேசும்போது ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிப்பார், இருவர் மூவர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். கையைத் தூக்கிவிட்டுப் பேசு என்ற விதியை ஆசிரியர்கள் தளர்த்தினார்கள். பேச்சு எவ்வளவு கலந்தாலும் அது வாசித்த பகுதியை விட்டு விலகாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். ஆணும் பெண்ணும் கலந்த நான்கைந்து பேர் குழுக்கள், ஒருவருக்கொருவர் தாராளமாக உதவி. அண்ணனும் அக்காவும் தம்பி தங்கைகளை வளர்க்கும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அது பழகிய ஏற்பாடு. வாசிப்புத் திறன் தெளிவாக உயர்ந்தது.

வெற்றி கண்ட திட்டத்தை 1980களில் அரிசோனாவின் ரஃப் ராக் பள்ளியில் நவஹோ பிள்ளைகளிடம் கொண்டுபோனார்கள். அவர்களும் பூர்வகுடிதானே! அங்கே அதே குழு அமைப்பு எடுபடவில்லை. ஐந்து பேரை ஒன்றாக உட்காரவைத்தால் ஐந்து பேரும் தனித்தனியாக வேலை செய்தார்கள். குறிப்பிட்ட வயதுக்குப்பின் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் விலகியே பழகும் சமூகம், தனியாக ஆடு மேய்த்து வளரும் பிள்ளைகள். ஒரே பாலினத்தவர் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுக்களாக மாற்றியபின்தான் ஒருவருக்கொருவர் உதவத் தொடங்கினார்கள். ஹவாயில் கதையைத் துண்டு துண்டாக வாசித்து இடையிடையே பேசினார்கள். நவஹோ பிள்ளைகள் கதை முழுவதையும் கேட்டபிறகே அதைப் பற்றிப் பேச விரும்பினார்கள். பேசும்போதும் ஒருவர் நிதானமாகப் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார்கள். ஹவாயில் பலனளித்த உத்தி அப்படியே இங்கு பலனளிக்காததால், ஆசிரியர்கள் தங்கள் கண்ணெதிரில் இருந்த பிள்ளைகளைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய திறமையும் இந்தத் திருத்திக்கொள்வதுதான். நூறு சமூகங்களின் பண்புப் பட்டியல் இதற்கு உதவாது.

பள்ளித் தேர்ச்சி அறிக்கைகளில் பெரும்பாலும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் சான் ஹோசே மென்பொருள் பொறியாளரின் தமிழ்ப் பிள்ளையும், 1975க்குப் பின் லாவோஸிலிருந்து அகதியாக வந்து ஃபிரெஸ்னோவில் குடியேறிய மோங் குடும்பத்தின் பேரப்பிள்ளையும் அடங்கிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளின் மதிப்பெண் அந்தக் கட்டத்தின் சராசரியை உயர்த்திக் காட்டும்; உதவி தேவைப்படும் மோங் பிள்ளை அதற்குள் காணாமல்போகும். தமிழராகிய நீங்கள் இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள் என்று தோன்றுகிறது.

பண்பாட்டைப் பட்டியலில் தேடாமல் வீட்டில் தேடலாம். அரிசோனாவின் டூசானில் லூயிஸ் மோலும் நார்மா கொன்சாலஸும் மற்றவர்களும் 1990களின் தொடக்கத்தில் ஆசிரியர்களை மெக்சிக வம்சாவளித் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். புகார் சொல்லவோ அறிவுரை சொல்லவோ போகவில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன தெரியும் என்று கேட்டு அறியப் போனார்கள். விவசாயம், கட்டுமானம், வாகனப் பழுது, மூலிகை, எல்லை தாண்டிய சிறு வியாபாரம் என்று பாடத்திட்டம் கண்டுகொள்ளாத அறிவு அங்கே கொட்டிக் கிடந்தது. ஒரு பையன் மெக்சிகோவிலிருந்து வரும் மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்கிறான் என்று ஓர் ஆசிரியர் தெரிந்துகொண்டார். அதிலிருந்து ஒரு பாடமே பிறந்தது: இரு நாட்டு மிட்டாய்களில் என்னென்ன சேர்க்கிறார்கள், எப்படி விலை வைக்கிறார்கள், எப்படி விளம்பரம் செய்கிறார்கள். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டி, உற்பத்தி, நுகர்வு பற்றியும் பேசினார். பார்வைக்கு இதுவும் உணவுத் திருவிழா மாதிரிதான் இருக்கும். ஆனால் இதில் கணக்கு, அறிவியல், பொருளியல் எல்லாம் இருந்தன. அந்தத் தாய் அன்று ஆசிரியராக நின்றார்.

பள்ளிகள் விரும்பி நடத்தும் உணவு, உடை, நடன நாள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடத்துங்கள், பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் பல பண்பாட்டுக் கல்வித் துறையின் முன்னோடியான ஜேம்ஸ் பேங்க்ஸ் வகுத்த படிநிலைகளில், நாயகர்களையும் பண்டிகைகளையும் அவ்வப்போது பாடத்தில் ஒட்டவைப்பது மிகக் கீழ்ப்படி. பாடத்தையே வேறு கோணத்திலிருந்து பார்க்கவைப்பது மேல்படிகளில் ஒன்று. கலிஃபோர்னியத் தங்க வேட்டையை நான்காம் வகுப்பில் நடத்துவீர்கள். அதை அங்கிருந்த பூர்வகுடியின் பக்கத்திலிருந்தும், வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மீது விதித்த வரியைக் கட்டிய சீனரின் பக்கத்திலிருந்தும் நடத்திப் பாருங்கள். இதற்கு எதிர்ப்பும் வரும். டூசான் பள்ளிகளின் மெக்சிக-அமெரிக்க வரலாற்றுப் பாடங்களை முடக்க 2010இல் அரிசோனா ஒரு சட்டமே போட்டது. அது இனப்பகையால் இயற்றி அமல்படுத்தப்பட்டது என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் மாவட்டத்தின் விதிகளைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதத்தில் செய்யக்கூடியவை சில. வருகைப் பதிவேட்டைக் கையில் எடுக்குமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயரைச் சொல்லச்சொல்லிக் கேளுங்கள். தந்தை பெயர் எது, தன் பெயர் எது என்று படிவத்தில் குழம்பிப்போய் ஆண்டு முழுக்க அப்பாவின் பெயரால் கூப்பிடப்படும் தமிழ்ப் பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடியானால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இரண்டாவது மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று நொடி இன்னும் அவசியம்.

சேர்க்கையின்போது பெற்றோர் நிரப்பும் வீட்டுமொழிப் படிவத்தை முழுதாக நம்பாதீர்கள். பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதுபவர்கள் உண்டு. நம்மவர்களும் அதைச் செய்கிறார்கள். குடியேற்ற ஆவணம் பற்றி எந்தப் பிள்ளையிடமும் எந்தப் பெற்றோரிடமும் கேட்காதீர்கள். ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெற்றோர் சந்திப்பு நாளில் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 'உங்கள் மகன் வீட்டுப்பாடம் செய்வதில்லை' என்பதை அந்த மகனே அம்மாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தருவது குடிமை உரிமைகள் சட்டப்படி பள்ளியின் கடமை. தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை பல மாவட்டங்களில் இருக்கிறது. சந்திப்புக்கு இரண்டு வாரம் முன்பே அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள், மோங் மொழிக்கு ஆள் கிடைக்கத் தாமதமாகலாம். அவர் வந்ததும் அவரைப் பார்த்துப் பேசாமல் அம்மாவைப் பார்த்துப் பேசுங்கள். முதல் கேள்வி மதிப்பெண் பற்றியதாக இருக்க வேண்டாம். பிள்ளை வீட்டில் எதை விரும்பிச் செய்கிறான், யாரோடு அதிகம் பேசுகிறான் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த மாதப் பாடத்துக்கு அதில் ஏதாவது ஒன்று பயன்படும்.